இதயத்துக்கான ரத்தப் பரிசோதனைகள்: எதை எடுப்பது, எதை விடுவது

திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். வயது 46. அப்பா 52 வயதில் மாரடைப்பில் இறந்துவிட்டார். இவருக்கு நெஞ்சு வலி கிடையாது, மூச்சு வாங்குவதில்லை, மூன்று மாடி ஏறினாலும் தொந்தரவு இல்லை. ஆனால் அப்பாவின் அந்த வயதை நெருங்க நெருங்க உறக்கம் கெடுகிறது. பக்கத்து ஆய்வகத்தில் கேட்டபோது இரண்டு தாள்களைக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றில் வெறும் கொழுப்புப் பரிசோதனை. இன்னொன்றில் ‘முழு இதயப் பரிசோதனை’ என்று போட்டு ட்ரோபோனின், சிகே-எம்பி, என்டி-ப்ரோபிஎன்பி, ஹோமோசிஸ்டீன், எச்எஸ்-சிஆர்பி என ஒரு நீண்ட வரிசை. விலை பல மடங்கு. “பணம் பெரிதில்லை, எதையும் விட்டுவிடக் கூடாது. எதை எடுக்கட்டும்?” என்பது அவருடைய கேள்வி.

இன்னும் இருவர் வேறு கேள்விகளோடு எழுதியிருந்தார்கள். ஒருவருடைய அம்மாவுக்கு 71 வயது. இரவில் படுத்தால் மூச்சு முட்டுகிறது. எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் படமெடுக்கும் ஸ்கேன்) எடுப்பதா, ரத்தப் பரிசோதனை போதுமா என்று கேட்கிறார். மற்றவர் ஸ்டென்ட் வைத்து ஓராண்டு ஆனவர். ரிப்போர்ட்டில் எல்லாம் நார்மல் என்று அச்சிட்டிருக்க, டாக்டர் ஏன் மாத்திரையைக் கூட்டினார் என்று குழம்பிப் போயிருக்கிறார்.

நான் டாக்டர் அல்ல. மருத்துவ உயிர்வேதியியல் ஆய்வகத்தில் 24 ஆண்டுகள் ரத்தக் குழாய்களோடு வாழ்ந்தவன். மருந்து எழுதும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் ரிப்போர்ட்டில் உள்ள ஒவ்வோர் எண்ணும் எப்படிப் பிறக்கிறது, எந்த இடத்தில் ஆளை ஏமாற்றும் என்று எனக்குத் தெரியும்.

## முதலில் அளவுகோல்கள்

ஒரு பரிசோதனையைத் தேர்ந்தெடுக்கும் முன் நான் நான்கு கேள்விகள் கேட்பேன்.

அது எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது? சில பரிசோதனைகள் ‘இந்த மணி நேரத்தில் இதயத்துக்கு என்ன ஆகிறது’ என்று சொல்லும். வேறு சில ‘இன்னும் பத்து, இருபது ஆண்டுகளில் என்ன ஆகலாம்’ என்று சொல்லும். இந்த இரண்டையும் ஒரே தொகுப்பில் கலந்து விற்பதுதான் இன்றைய பெரிய குழப்பம்.

எண் எப்படி வந்தாலும் அடுத்த அடி மாறுமா? கூடுதலாக வந்தாலும் குறைவாக வந்தாலும் செய்யப்போவது ஒன்றே என்றால், அந்த ரத்தம் எடுத்தது வீண்.

எது அந்த எண்ணைக் கெடுக்கும்? ரத்தம் எடுத்த நேரம், சிறுநீரகத்தின் நிலை, உடல் எடை, முந்தைய வாரம் வந்த காய்ச்சல், சாப்பிடும் மாத்திரை, அச்சிட்ட அலகு.

விலைப்பட்டியலில் இல்லாத செலவு என்ன? சந்தேகமாக ஓர் எண் வந்தால் அதைத் தொடர்ந்து டிரெட்மில், சிடி ஆஞ்சியோ, விடுப்பு, வீட்டில் எல்லாருக்கும் கலக்கம். இதற்கு நேர்மாறான செலவு இதைவிடக் கொடியது. தவறான நேரத்தில் வந்த ‘நார்மல்’ தரும் பொய்யான நிம்மதி அது.

## ட்ரோபோனின்: நெஞ்சு வலிக்கு மட்டும்

ட்ரோபோனின் இதயத் தசைக்குள் இருக்க வேண்டிய புரதம். தசைச் செல் சேதமடைந்தால் அது ரத்தத்தில் கசிகிறது. மாரடைப்பைக் கண்டுபிடிக்க இன்று ரத்தத்தில் இதைவிட நம்பகமான குறி கிடையாது. இதயத் தசையின் நொதி ஒன்றை அளக்கும் பழைய சிகே-எம்பி பரிசோதனையின் இடத்தை அது முழுமையாகவே எடுத்துக்கொண்டுவிட்டது. மலிவு என்பதால் பல ஊர்களில் சிகே-எம்பி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ட்ரோபோனின் கிடைக்கும் இடத்தில் அதற்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் ட்ரோபோனினுக்கு நேரம்தான் உயிர். வலி தொடங்கிய உடனே அது ஏறிவிடாது. உயர் உணர்திறன் கொண்ட புதிய முறைகளில்கூட முதல் சில மணி நேரத்துக்குள் எடுத்த ஒரே ஒரு மாதிரி நம்மைக் கைவிடலாம். அதனால்தான் மருத்துவமனைகளில் ஒரு முறை எடுத்து, ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து மறுபடி எடுத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கிறார்கள். 2018இல் உலக அளவில் ஏற்கப்பட்ட மாரடைப்பு வரையறையும் இதையேதான் சொல்கிறது. ஆரோக்கியமானவர்களில் நூற்றுக்கு 99 பேருக்கு இருக்கும் உச்ச அளவைத் தாண்ட வேண்டும். எண் ஏறவோ இறங்கவோ வேண்டும். கூடவே வலியோ ஈசிஜி மாற்றமோ, ரத்த ஓட்டம் தடைபட்டதற்கான வேறு அடையாளமோ இருக்க வேண்டும். எண் மட்டும் உயர்ந்திருந்தால் அது தசைச் சேதம். மாரடைப்பு என்று சொல்ல அது போதாது.

இதைப் படிப்பவர்கள் மறக்கக் கூடாது என்பதற்காக ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒருவருக்கு இரவு எட்டரை மணிக்கு நெஞ்சில் பாரம். வாயுப் பிடிப்பு என்று நினைத்தாலும் சந்தேகம் விடவில்லை. நேராக ஓர் ஆய்வகத்துக்குப் போய், ஒன்பதரைக்கெல்லாம் அட்டையில் சொட்டு ரத்தம் விட்டுப் பார்க்கும் ட்ரோபோனின் சோதனையைச் செய்துகொண்டார். ‘நெகட்டிவ்’ என்று தாள் வந்தது. வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். விடியற்காலையில் வலி தாங்காமல் மருத்துவமனைக்குப் போனபோது ஈசிஜி பார்த்த மருத்துவர் நின்ற இடத்திலேயே ஆஞ்சியோவுக்கு ஏற்பாடு செய்தார். உயிர் பிழைத்தார். ஆனால் இதயத்தின் பம்பு செய்யும் திறனில் ஒரு பங்கு போனது போனதுதான். அந்தத் தாள் சொன்னது பொய்யல்ல. ஒன்பதரை மணிக்கு அவருடைய ரத்தத்தில் ட்ரோபோனின் இன்னும் ஏறவில்லை, அவ்வளவுதான். அந்த நேரத்தில் அவருக்குத் தேவைப்பட்டது பத்து நிமிடத்தில் எடுக்கப்படும் ஈசிஜி.

ஆகவே நெஞ்சு வலி என்றால் ஆய்வகத்துக்குப் போகாதீர்கள், 108ஐ அழையுங்கள். தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகிய மூன்றின் முதல் தவணையும் வைக்கப்பட்டிருக்கிறது. ஈசிஜியில் தெளிவாக மாரடைப்பு தெரிந்துவிட்டால் ட்ரோபோனினுக்காகக் காத்திருப்பதே தவறு.

எது இதைக் கெடுக்கும்? சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ட்ரோபோனின் எப்போதுமே சற்று உயர்ந்திருக்கும். அவர்களுக்கு முதல் எண்ணை விட, இரண்டாவது எண் எவ்வளவு மாறியது என்பதே முக்கியம். இதயத் தசை அழற்சி, நுரையீரலில் ரத்தக் கட்டி, கடுமையான தொற்று, இதயச் செயலிழப்பு ஆகியவற்றிலும் ஏறும். மாரத்தான் ஓடி முடித்தவருக்கும் ஏறும். இன்னொரு பக்கம், முடி வளர்ச்சிக்கென்று சாப்பிடும் அதிக அளவு பயோட்டின், சில வகைக் கருவிகளில் எண்ணைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். 2017இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதைப் பற்றி எச்சரித்தது. பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் அதை வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும்.

திருநெல்வேலி வாசகருக்கு? வேண்டாம். வலி இல்லாதவருக்கு இது விடை சொல்லும் கேள்வியே இல்லை.

## என்டி-ப்ரோபிஎன்பி: மூச்சிரைப்பின் காரணம் தேடும்போது

1988இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பன்றியின் மூளையிலிருந்து ஒரு சிறு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் பிஎன்பி. அதனால் அதன் பெயரில் ‘மூளை’ ஒட்டிக்கொண்டது; முதல் எழுத்தான ‘பி’ என்பது ‘பிரெய்ன்’. பிறகுதான் அதை அதிகமாகச் சுரப்பது இதயத்தின் கீழறைகள் என்று தெரிந்தது. இதயச் சுவர் அழுத்தத்தால் இழுபடும்போது இது கூடுகிறது. பிஎன்பி, என்டி-ப்ரோபிஎன்பி இரண்டும் ஒரே தாய்ப் புரதம் உடைந்து வரும் இரு துண்டுகள். இரண்டில் ஏதாவது ஒன்றே போதும்.

இதன் பெரிய பலம் இல்லை என்று சொல்வதில் இருக்கிறது. திடீர் மூச்சுத் திணறலோடு வந்தவருக்கு மில்லிலிட்டருக்கு பிஎன்பி 100 பிகோகிராமுக்குக் கீழே, அல்லது என்டி-ப்ரோபிஎன்பி 300க்குக் கீழே இருந்தால், காரணம் இதயச் செயலிழப்பாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு; நுரையீரல் பக்கம் தேடலாம். அவசரம் இல்லாத நிலையில், புறநோயாளிப் பிரிவில் பார்க்கும்போது, இந்த வரம்புகள் 35 என்றும் 125 என்றும் இறங்கிவிடும். ‘ஆம்’ என்று சொல்ல வேண்டுமானால் வயதையும் பார்க்க வேண்டும். அவசரச் சிகிச்சையில் என்டி-ப்ரோபிஎன்பிக்கு 50 வயதுக்குக் கீழ் 450, 50 முதல் 75 வரை 900, அதற்கு மேல் 1800 என்பது நடைமுறை. பெரும்பாலான ரிப்போர்ட்டுகளில் 125 என்ற ஒரே எண்தான் அச்சாகியிருக்கும். எழுபது வயதைத் தாண்டியவருக்கு 400 வந்து தடித்த எழுத்தில் நின்றால் பேரன் பேத்திகள் அழுதுவிடுகிறார்கள். வயதுக்கு ஏற்ப அது உயரும் என்று அந்தத் தாள் சொல்வதில்லை.

உடல் பருமன் இதைக் குறைத்துக் காட்டும். எடை கூடியவருக்கு வந்த ‘நார்மல்’ எண்ணை நான் முழுதாக நம்பமாட்டேன். சிறுநீரகக் கோளாறும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற சீரற்ற துடிப்பும் கூட்டிக் காட்டும். சகுபிட்ரில்-வல்சார்ட்டன் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை உண்டு. அந்த மருந்து பிஎன்பி சிதைவதைத் தடுப்பதால் பிஎன்பி எண் ஏறும். அவர்களுக்கு என்டி-ப்ரோபிஎன்பிதான் சரி.

எக்கோவா, இதுவா? இரவில் படுத்தால் மூச்சு முட்டும் அந்த அம்மாவுக்கு எப்படியும் எக்கோ தேவைப்படும். வால்வு கெட்டிருக்கிறதா, எந்தச் சுவர் இயங்கவில்லை என்பதை ரத்தம் சொல்லாது. ஆனால் எக்கோவுக்கு மூன்று வாரம் கழித்துத்தான் நேரம் கிடைக்கும் என்றால், இந்த ரத்தப் பரிசோதனை அதை முன்னுக்கு இழுக்கவோ, அவசரமில்லை என்று சொல்லவோ உதவும். அங்கேதான் அதன் விலைக்கு மதிப்பு. கால் வீங்கி, முகம் ஊதி, படுக்க முடியாத நிலை என்றால் இரண்டுக்கும் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

## கொழுப்புப் பரிசோதனை: மலிவானது, சரியாகப் படிக்கப்படாதது

இதில்தான் நான் அதிக நேரம் நிற்க விரும்புகிறேன். திருநெல்வேலி வாசகர் இதை எடுத்துவிட்டார். எண்களை வெளியிட அனுமதியும் தந்தார். மொத்தக் கொழுப்பு 190. ‘நல்ல கொழுப்பு’ எனப்படும் எச்டிஎல் 34. ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 240. ‘கெட்ட கொழுப்பு’ எனப்படும் எல்டிஎல் 108. எல்லாம் டெசிலிட்டருக்கு மில்லிகிராம். ‘மொத்தம் 200க்குக் கீழ், எல்டிஎல் கொஞ்சம்தான் கூட’ என்று யாரோ ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த 108 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பெரும்பாலான ஆய்வகங்கள் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை. ஃப்ரீடுவால்டும் உடன் பணியாற்றியவர்களும் 1972இல் தந்த சூத்திரத்தால் கணக்கிடுகின்றன. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லையும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் எல்டிஎல். 190லிருந்து 34 போக, 48 போக, 108. ட்ரைகிளிசரைடு கூடக் கூட எல்டிஎல் தானாகவே குறைவாகத் தெரியும்; 400ஐத் தாண்டினால் அந்தச் சூத்திரமே செல்லாது. நம் மக்களிடம் அடிக்கடி காணப்படும் அமைப்பு இதுவேதான்: ட்ரைகிளிசரைடு மிகுதி, எச்டிஎல் குறைவு, எல்டிஎல் பார்வைக்குச் சுமார்.

இப்போது ஒரே ஒரு கழித்தல் செய்வோம். மொத்தத்திலிருந்து எச்டிஎல்லைக் கழித்தால் 156. இதற்குப் பெயர் நான்-எச்டிஎல். ரத்தக் குழாய்ச் சுவரில் போய்ப் படியக்கூடிய எல்லாத் துகள்களின் கொழுப்பும் இதில் அடங்கும். இதன் இலக்கு, எல்டிஎல் இலக்கோடு 30 கூட்டியது. அவருக்கு எல்டிஎல் 100க்குக் கீழ் இருக்க வேண்டும் என்று கொண்டால், நான்-எச்டிஎல் 130க்குக் கீழ் இருக்க வேண்டும். எல்டிஎல்லைப் பார்த்தால் 8தான் கூட. நான்-எச்டிஎல்லைப் பார்த்தால் 26 கூட. காசு செலவில்லாமல் கிடைத்த உண்மை இது. பல ரிப்போர்ட்டுகளில் அந்த வரியே இருப்பதில்லை. நீங்களே பேனாவால் எழுதிக்கொள்ளலாம்.

ஸ்டென்ட் வைத்த வாசகருக்கான விடையும் இங்கேதான். அவருடைய எல்டிஎல் 92. தாளில் ‘100க்குக் கீழ்: உகந்தது’ என்று இருக்கிறது. அந்த வரம்பு நோயில்லாத பொதுமக்களுக்கானது. ஒரு முறை அடைப்பு வந்தவருக்கு இலக்கு 55க்குக் கீழ். ஐரோப்பிய வழிகாட்டுதல் 2019இலும், இந்திய இதயவியல் சங்கத்தின் வழிகாட்டுதல் 2024இலும் இதையே சொல்கின்றன. ஆய்வகத்துக்கு நீங்கள் ஸ்டென்ட் வைத்தவர் என்று தெரியாது, டாக்டருக்குத் தெரியும். அவர் மாத்திரையைக் கூட்டியது அதனால்தான். இந்த ஒரு விஷயம் புரியாமல், ‘நார்மல் வந்துவிட்டது’ என்று மாத்திரையை நிறுத்தியவர்களை நான் எண்ணிக்கையில்லாமல் பார்த்திருக்கிறேன். அப்படி நிறுத்திவிட்டு மறுபடி வார்டுக்கு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

வெறும் வயிற்றில்தான் எடுக்க வேண்டுமா? பொதுவான கணிப்புக்குத் தேவையில்லை என்று அதே 2024 வழிகாட்டுதல் சொல்கிறது. ட்ரைகிளிசரைடு மிக அதிகமாக வந்தால் மட்டும் பட்டினியோடு மறுபடி பார்க்கலாம். மாரடைப்பு வந்தவர்களுக்கு ஒரு குறிப்பு: அனுமதித்த முதல் 24 மணி நேரத்துக்குள் எடுக்காவிட்டால் கொழுப்பு தற்காலிகமாகக் குறைந்து தெரியும். நான்காம் நாள் எடுத்த எண்ணை வைத்து மகிழக் கூடாது.

## அப்போபி: சிலருக்கு மட்டும் கூடுதல் வெளிச்சம்

எல்டிஎல் என்பது துகள்களுக்குள் இருக்கும் கொழுப்பின் எடை. அப்போபி என்பது அந்தத் துகள்களின் மேலுள்ள புரதம்; அது துகள்களின் எண்ணிக்கையைச் சொல்கிறது. ஒவ்வொரு துகளிலும் ஒரே ஓர் அப்போபி மூலக்கூறு. சந்தையில் மூட்டைகளை எடை போடுவதற்கும் எண்ணுவதற்கும் உள்ள வித்தியாசம். சிறு மூட்டைகள் நிறைய இருந்தால் எடை குறைவாகவும் எண்ணிக்கை அதிகமாகவும் இருக்கும். சுவரில் போய்ச் சிக்குவது எண்ணிக்கை. சர்க்கரை நோய், பெருத்த வயிறு, உயர்ந்த ட்ரைகிளிசரைடு உள்ளவர்களிடம் இந்த வித்தியாசம் பெரிதாகும். பட்டினி தேவையில்லை, சூத்திரமும் இல்லை. இலக்குகள், டெசிலிட்டருக்கு மில்லிகிராமில்: மிக அதிக ஆபத்துள்ளவருக்கு 65க்குக் கீழ், அதிக ஆபத்துக்கு 80க்குக் கீழ், நடுத்தரத்துக்கு 100க்குக் கீழ்.

அறிவியலாகப் பார்த்தால் எல்டிஎல்லை விட இது மேல் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் நம் வாசகருக்கு இப்போது தேவையில்லை. அவருடைய நான்-எச்டிஎல் 156 என்பதே சிகிச்சை பற்றிப் பேசத் தொடங்கப் போதும். அப்போபி என்ன வந்தாலும் அந்தப் பேச்சு மாறாது. மருந்து தொடங்கி, எல்டிஎல் இலக்குக்கு வந்து, ட்ரைகிளிசரைடு மட்டும் இறங்காமல் நிற்கும்போது ‘இது போதுமா, இன்னும் வேண்டுமா’ என்ற கேள்வி வரும். அப்போது எடுக்கலாம்.

## எல்பி-ஏ: ஆயுளில் ஒரு முறை

எல்பி-ஏ, அதாவது லிப்போபுரோட்டீன்-ஏ, நார்வே நாட்டின் ஆய்வாளர் கோரே பெர்க் 1963இல் கண்டுபிடித்தது. எல்டிஎல் போன்ற துகள். அதன்மேல் கூடுதலாக ஒரு புரதவால். எவ்வளவு இருக்கும் என்பதைப் பெற்றோரிடமிருந்து வரும் மரபணு ஏறக்குறைய முழுதாக முடிவு செய்துவிடுகிறது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் இதை அசைப்பதில்லை. எல்டிஎல்லைக் குறைக்கத் தரும் ஸ்டாட்டின் மாத்திரையும் இதைக் குறைப்பதில்லை. டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் என்றால் ஆபத்து கூடும் வரம்பு. உலகில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இந்த வரம்பில் இருக்கிறார். தெற்காசியர்களிடம் ஐரோப்பியர்களைவிட அளவு கூடுதல். மாரடைப்போடு நின்றுவிடாமல், மகாதமனி வால்வு இறுகிச் சுருங்குவதிலும் இதற்குப் பங்கு உண்டு.

‘குறைக்க மருந்து இல்லையென்றால் ஏன் அளக்க வேண்டும்? நீங்கள் சொன்ன இரண்டாவது அளவுகோல் எங்கே போயிற்று?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கென்று உருவாக்கப்படும் பெலகார்சன், ஓல்பசிரான் போன்ற மருந்துகள் பெரிய சோதனைகளில் இருக்கின்றன. ஆனால் அடுத்த அடி இப்போதே மாறும். எல்பி-ஏ அதிகம் என்றால் மற்ற எல்லா ஆபத்துகளையும் கடுமையாகக் குறைக்க வேண்டும்: எல்டிஎல் இலக்கு இறங்கும், ரத்த அழுத்தத்தில் சலுகை கிடையாது, புகை இன்றே நிற்க வேண்டும். ஸ்டாட்டின் தொடங்கலாமா வேண்டாமா என்று மருத்துவர் தயங்கும் இடத்தில் இந்த எண் தராசைச் சாய்க்கும். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது தெற்காசியர்களுக்கு 53, மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59 என்று வந்தது. அந்த வித்தியாசத்துக்குக் காரணங்கள் பல. குடும்பத்தில் இளவயது மாரடைப்பு உள்ள ஒருவர் இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பது சரியல்ல.

அலகு விஷயத்தில் எச்சரிக்கை தேவை. சில ஆய்வகங்கள் மில்லிகிராமிலும், சில லிட்டருக்கு நானோமோலிலும் தருகின்றன. ஒன்றை மற்றொன்றாக மாற்ற ஒரு பெருக்கல் போதாது. துகளின் அளவு ஆளுக்கு ஆள் மாறுபடும். 50 மில்லிகிராமுக்கு இணையாக 125 நானோமோல் என்ற வரம்பை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஊர்களில் எடுத்த இரண்டு அலகுகளை ஒப்பிட்டு ‘கூடிவிட்டது’ என்று பதறாதீர்கள். ஒரு முறை எடுத்தால் போதும். ஆண்டுதோறும் தொகுப்பில் திணிப்பது வீண்செலவு.

## எச்எஸ்-சிஆர்பி: வேலிமேல் நிற்பவருக்கு

உடலில் அழற்சி எவ்வளவு என்று சொல்லும். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் குறைந்த ஆபத்து, 1 முதல் 3 நடுத்தரம், 3க்கு மேல் அதிகம். 2008இல் வெளியான ஜூபிடர் ஆய்வில், எல்டிஎல் 130க்குக் கீழ் இருந்தும் இந்த எண் 2 அல்லது அதற்கு மேல் இருந்த 17,802 பேரில் பாதிப் பேருக்கு ரோசுவாஸ்டாட்டின் தந்தபோது மாரடைப்பும் பக்கவாதமும் கணிசமாகக் குறைந்தன. ஆகவே மருந்து தொடங்குவதா என்று இரு மனதாக நிற்கும் நடுத்தர ஆபத்துக்காரருக்கு இது உதவும்.

ஆனால் இந்த எண்ணுக்கு இதயம் மட்டும் தெரியாது. பல் சொத்தை, சளி, மூட்டு வலி எல்லாம் ஏற்றிவிடும். 10ஐத் தாண்டினால் அதை இதயக் கணக்கில் எழுதாமல், தொற்று ஆறிய பிறகு மறுபடி எடுக்க வேண்டும். டெங்குவிலிருந்து எழுந்த பத்தாம் நாள் ‘முழு உடல் பரிசோதனை’ செய்து, வந்த எண்ணைப் பார்த்து நடுங்கியவர்களை எனக்குத் தெரியும்.

## சர்க்கரை, சிறுநீரகம்: விளம்பரம் இல்லாத இரண்டு

தொகுப்புத் தாள்களில் பெரிய எழுத்தில் வராதவை இவை. 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வை முன்னின்று நடத்தியது சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம். அதன் மதிப்பீட்டின்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடி, அதன் வாசலில் நிற்பவர்கள் 13.6 கோடி. ஏறக்குறைய மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 சதவீதம் வரை அந்த வாசல், 6.5 முதல் நோய். இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகை இந்த எண்ணைப் பொய்யாகக் கூட்டலாம். அதனால் பெண்கள் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவும், அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசிவதைக் காட்டும் அல்புமின்-கிரியாட்டினின் விகிதமும் சிறுநீரகத்தின் கதையைச் சொல்லும். கிராமுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டிய அல்புமின், இதய ஆபத்தும் கூடியதற்கான அடையாளம். சிறுநீரகம் பற்றித் தெரியாமல் ட்ரோபோனினையோ என்டி-ப்ரோபிஎன்பியையோ படிக்கவும் முடியாது.

அந்த நீண்ட வரிசையில் இருந்த ஹோமோசிஸ்டீன் (ரத்தத்தில் உள்ள ஓர் அமினோ அமிலம்) பற்றி இரண்டே வரி. ஃபோலிக் அமிலமும் பி12உம் கொடுத்து அந்த எண்ணைக் குறைத்துப் பார்த்தார்கள். 2006இல் வந்த ஹோப்-2, நார்விட் ஆய்வுகளில் மாரடைப்பு குறையவில்லை. மரக்கறி மட்டும் உண்பவருக்கு அது உயர்ந்திருந்தால் பி12ஐப் பாருங்கள். இதயத்துக்கென்று தனியாக எடுக்க வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| பரிசோதனை | எந்தக் கேள்வி | எப்போது சிறந்தது | எது ஏமாற்றும் |
|---|---|---|---|
| ட்ரோபோனின் | இப்போது தசை சேதமாகிறதா | நெஞ்சு வலி, மருத்துவமனையில், இரு முறை | சீக்கிரம் எடுப்பது, சிறுநீரகம், பயோட்டின் |
| என்டி-ப்ரோபிஎன்பி | மூச்சிரைப்பு இதயத்தாலா | எக்கோ தாமதமாகும்போது | பருமன், வயது, சிறுநீரகம் |
| கொழுப்பும் நான்-எச்டிஎல்லும் | வரும் ஆண்டுகளின் ஆபத்து | வயது வந்த எல்லாருக்கும் | அச்சிட்ட ‘நார்மல்’, மாரடைப்புக்குப் பிந்தைய நாள்கள் |
| அப்போபி | துகள்கள் எத்தனை | மருந்துக்குப் பிறகும் ட்ரைகிளிசரைடு உயர்வு | பெரிதாக எதுவும் இல்லை. செலவு மட்டும் |
| எல்பி-ஏ | குடும்பச் சொத்தாக வந்த ஆபத்து | ஆயுளில் ஒரு முறை | அலகு |
| எச்எஸ்-சிஆர்பி | மருந்து தொடங்கலாமா | நடுத்தர ஆபத்தில் தயக்கம் | காய்ச்சல், பல், மூட்டு |
| எச்பிஏ1சி, சிறுநீரகம் | சர்க்கரையும் வடிகட்டியும் | எல்லாருக்கும் | சோகை |

## அந்த 46 வயதுக்காரர் எடுத்தது

பெரிய தொகுப்பை விட்டுவிடச் சொன்னேன். கொழுப்புப் பரிசோதனை, எச்பிஏ1சி, கிரியாட்டினின், சிறுநீர் அல்புமின், எல்பி-ஏ. இவற்றோடு ரத்த அழுத்தத்தை வீட்டில் ஒரு வாரம் காலையும் மாலையும் குறித்து, எல்லாத் தாள்களையும் ஒரே மருத்துவரிடம் கொண்டுபோகச் சொன்னேன். எல்லாம் சேர்த்து அந்தத் தொகுப்பின் விலையில் பாதிக்கும் கீழேதான் வந்தது.

எச்பிஏ1சி 6.1. சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. நான்-எச்டிஎல் 156 என்று ஏற்கெனவே சொன்னேன். எல்பி-ஏ 84 மில்லிகிராம். மருத்துவர் ஸ்டாட்டின் தொடங்கியிருக்கிறார். மூன்று மாதத்தில் மறுபடி கொழுப்பு பார்க்கச் சொல்லியிருக்கிறார். இரவுச் சாப்பாட்டில் பரோட்டா போய்விட்டது.

அந்த 84 அப்பாவிடமிருந்து வந்திருக்கலாம், அம்மாவிடமிருந்தும் வந்திருக்கலாம். யாரிடமிருந்து வந்தாலும், உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது. அவருக்குத் தூத்துக்குடியில் 41 வயதில் ஒரு தங்கை. அண்ணன் இதைச் சொன்னதும், “எனக்கு ஒன்றும் இல்லையே அண்ணா” என்றாராம். போன வியாழக்கிழமை எல்பி-ஏவுக்கு ரத்தம் கொடுத்திருக்கிறார்.